பராமரிப்பவர் பெயர்

கிளேட்டனைப் புதைத்த ஒன்பதாம் நாள் வெர்னா உட்கார்ந்து சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் தட்டினாள். என் கஞ்சா மருந்து அட்டையில் பராமரிப்பவர் என்று பதிவாகியிருக்கும் என் கணவர் கிளேட்டன் நயிஹே காலமாகிவிட்டார், அவர் பெயரை நீக்கிவிடவும், இப்படிக்கு. வேறு எந்தப் பொம்பளையாவது செய்வாளா இதை? துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக்கூட இன்னும் திருப்பிக் கொடுத்தபாடில்லை. அவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தபால் தலை ஒட்டி, தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் ஏழு செடிகள் நின்றன. ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் அவளுடைய அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் எழுதின அடையாள வில்லை ஒன்று தொங்கியது. அப்படித் தொங்கினால்தான் அது மருந்து, இல்லாவிட்டால் குற்றம். வளர்த்ததெல்லாம் கிளேட்டன். பூவைப் பறித்து, காயவைத்து, வெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி ஒரு ஜாடியில் ஊற்றி வைப்பான். சாயங்காலம் ரொட்டியில் கால் ஸ்பூன் தடவிக் கொடுப்பான். அதைத் தின்றால்தான் வெர்னாவின் கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்கும். நரம்பின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும் வியாதி அவளுக்கு. பதினோரு வருஷமாயிற்று. வெண்ணெய் இல்லாத நாளில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும், விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும், பிரித்துவிட ஆள் வேண்டும். டாக்டர் கொடுக்கிற மாத்திரை இருக்கிறது. அதைப் போட்டால் பிடிப்பு கொஞ்சம் விடும், ஆனால் நாள் முழுக்கத் தலை தூக்க முடியாது, பேச்சு குழறும்.

சட்டப்படி அவளே வளர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் வாளியை யார் தூக்குவது? கிளேட்டனின் அண்ணன் மகன் நல்ல பையன், தானாகவே வந்து தினமும் தண்ணீர் விடுகிறேன் சித்தி என்றான். உன் பேர் காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்றால் தொடாதே என்றாள். அவன் போனவன் போனவன்தான். இரண்டு மாதத்தில் மூன்று செடியை மான் வேலியை முட்டிக்கொண்டு வந்து மேய்ந்தது, மீதி நாலும் நின்ற இடத்திலேயே காய்ந்தது. காய்ந்த செடியிலிருந்தும் அந்த வில்லைகளைக் கழற்றி, எண்ணி, உறையில் போட்டு வைத்தாள். அவ்வளவு கறார்.

எங்கள் மொலொகாய்த் தீவில் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. கஞ்சா மருந்துக் கடையும் கிடையாது. பக்கத்துத் தீவு மாவியில் இருக்கிறது, தலைநகர் ஹொனலுலுவில் இருக்கிறது. போய் வாங்கலாம், ஆனால் கடல் தாண்டி எடுத்துவரக் கூடாது. இரண்டு கரையும் ஒரே மாநிலம், இரண்டு பக்கமும் சட்டப்படி மருந்து, நடுவில் உள்ள தண்ணீருக்கும் ஆகாயத்துக்கும் மட்டும் வேறு சட்டம். இதை எழுதினவர்கள் யாருக்கும் கால் பிடிப்பு வந்ததில்லை போலிருக்கிறது. ஊரில் எல்லாரும் எடுத்துத்தான் வருகிறார்கள். குட்டி விமானத்தில் பையைத் திறந்து பார்க்க ஆளே இல்லை. வெர்னா மட்டும் எடுத்துவர மாட்டாள்.

ஏனென்றால் அவள் இருபத்தேழு வருஷம் கவுனகக்காய் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள். தீவில் பாதிப் பேருடைய வழக்கை அவள் கையால் பதிந்திருக்கிறாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன், அண்டை வீட்டுக்காரன் பன்றியைச் சுட்டவன், ஹெலிகாப்டர் மேலே சுற்றிக் கண்டுபிடித்துக் கொடுத்த கஞ்சாத் தோட்டக்காரன், எல்லாரும் அவள் கவுண்டர் முன்னால் நின்றவர்கள்தான். ஒருத்தரிடம் ஒரு காசு வாங்கினதில்லை, ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் சலுகை காட்டினதும் இல்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஊரே சேர்ந்து மாலை போட்டது. மறுநாளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிளேட்டன் இருந்தவரை அது தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் கிளேட்டனைப் பார்க்க வந்தவர்கள் என்பது அவன் போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

ஜாடியில் வெண்ணெய் ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. கால் ஸ்பூனை அரைக்கால் ஸ்பூனாக்கினாள். மகள் கெஹாவ் ஹொனலுலுவில் பதினாலாவது மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை. மாசக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் டிக்கெட் எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கிளேட்டனின் கல்லறை ஹொவொலேஹுவாவில் இவள் வீட்டிலிருந்து தடியூன்றிப் பத்து நிமிஷம். தினம் காலையில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். பதினாலாவது மாடியிலிருந்து எங்கே போய் நிற்பது?

வழி இல்லாமல் இல்லை. கடை இல்லாத தீவில் நோயாளிக்காகப் பராமரிப்பவர் செடி வளர்க்கலாம். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது: பராமரிப்பவர் பெயர், கையெழுத்து. வயது வந்த ஒரே ஒரு ஆள் வேண்டும், அந்த அண்ணன் மகனுக்குப் பதினாறுதான். கிளேட்டனின் தம்பியைக் கேட்டாள். அவன் கலவுபாப்பாவில் தேசியப் பூங்காவில் வேலை பார்க்கிறவன், மத்திய அரசாங்கச் சம்பளம், கஞ்சாப் பக்கம் தலைவைத்தால் வேலை போய்விடும், மன்னித்துக்கொள் அண்ணி என்றான். சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் மேபெலைக் கேட்டாள். நான் உனக்காக ஜெபிக்கிறேன் என்றாள் மேபெல். அதற்கு மேல் யாரைக் கேட்பது என்று யோசித்தபோது, அறுபத்து மூன்று வயதில் தனக்கு ஒரு கட்டத்தை நிரப்ப ஆள் இல்லை என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் கிளேட்டன் செத்ததற்கு முழுதாக அழுதாள்.

பக்கத்து மனையில் டோமி அக்லியாம் இருக்கிறான். தீவிலேயே அவன் கைக்கு வளராத செடி கிடையாது. கிளேட்டனும் அவனும் வாரம் தவறாமல் மீன் பிடிக்கப் போவார்கள். ஆனால் டோமிக்கும் வெர்னாவுக்கும் இருபத்துநாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் அவன் மோவாயை ஒரு முறை தூக்குவான், இவள் தலையை ஒரு முறை ஆட்டுவாள், அவ்வளவுதான். ஏன் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும், டோமியின் அம்மா பசிட்டாவுக்கும் தெரியும். கிளேட்டனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, கடைசிவரை அவன் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வெர்னா மாவிக்குப் போனது டாக்டரைப் பார்க்க. அட்டையைப் புதுப்பிக்கச் சான்று வேண்டும். விமான டிக்கெட், டாக்சி, டாக்டர், அட்டைக் கட்டணம், எல்லாம் கைக்காசு. இந்த மருந்து என்றால் காப்பீடு கையை விரித்துவிடும். டாக்டர் ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பராமரிப்பவர் யார் என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள், ஏதோ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

வெளியே வந்தவளுக்கு வலது கால் இழுத்தது. முந்தின ராத்திரி சரியான தூக்கமில்லை. டாக்சிக்காரனிடம் விமான நிலையம் என்று சொல்ல வாயெடுத்தவள், மருந்துக்கடைக்குப் போ என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்ன, தெரியும். களைத்துப் போய்விட்டாள். எத்தனை நாள்தான் ஒருத்தி நேர்கோட்டில் நடப்பாள்?

கடை நகைக்கடை கணக்காய்ப் பளபளவென்று இருந்தது. சொட்டு மருந்துக் குப்பி ஒன்று, கட்டைவிரல் அளவு, அவளுடைய பத்து நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கியது. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, மொலொகாயா ஆன்ட்டி என்று கேட்டுச் சிரித்தாள். இதை வேறு தீவுக்கு எடுத்துப்போகக் கூடாதுன்னு சொல்றது என் வேலை, சொல்லிட்டேன், நீங்க எங்க போறீங்கன்னு நான் கேக்கல என்றாள். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றாள் வெர்னா. அதனாலதான் கேக்கல ஆன்ட்டி என்று சொல்லிப் பையைக் கையில் கொடுத்தாள் அந்தப் பெண். பொல்லாதவள், ஆனால் நல்லவள்.

சிறு விமானங்கள் நிற்கும் கூடத்தில் வழக்கமான கூட்டம். எங்கள் ஊர்க்காரர்கள் மாவியிலிருந்து வெறுங்கையோடு வரமாட்டார்கள். அரிசி மூட்டை, கழிவறைக் காகிதக் கட்டு, முட்டை அட்டைகள், யார் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ ஒரு கேக். வெர்னா மூலையில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, அதற்குள் குப்பி. எழுந்து போய் விமானத்தில் ஏறினால் போதும். இருபத்தைந்து நிமிஷம். யார் பார்க்கப் போகிறார்கள்?

அவளே பார்ப்பாளே. கவுண்டரின் அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: வேற வழி தெரியல. பதிந்துகொள்வாள், எண் கொடுப்பாள், அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். இப்போது இந்தக் குப்பியோடு ஏறினால், அவர்களிடமெல்லாம் அவள் காட்டின கறாருக்கு என்ன அர்த்தம்?

எழுந்தாள். யாரோ மேஜையில் வைத்துவிட்டுப் போன காகிதக் கோப்பையில் அடிக்காப்பி கொஞ்சம் இருந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டதால் குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகித் திறந்து, மருந்து முழுவதையும் அந்தக் காப்பியில் ஊற்றினாள். சின்னப் பிள்ளை யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது அல்லவா. மேலே ஒரு மூடியை அழுத்திக் குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பினால், கார் உதிரிபாகப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டோமி நிற்கிறான்.

இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளோடு பேசினது இதுதான், கஞ்சாவுக்கு எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி:

"பகலோலோவக் குப்பையில கொட்ற மொத ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன் ஆன்ட்டி. எங்கிட்டக் குடுத்திருந்தா நான் கொண்டாந்திருப்பேனே."

"நீ கொண்டு வரக் கூடாதுன்னுதான் கொட்டினேன்," என்றாள் வெர்னா. அது முழு உண்மை இல்லை. அவன் அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஆனால் சொன்ன பிறகு உண்மையாகத்தான் பட்டது.

விமானத்தில் ஒன்பது இருக்கை. எடை கேட்டுத்தான் இடம் கொடுப்பார்கள். அவனைப் பின்னால் உட்காரவைத்தார்கள், அவளை விமானிக்குப் பின்னால். இரைச்சலில் பேச முடியாது. அது நல்லதாய்ப் போயிற்று. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவனிடம் கேட்பதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி.

இறங்கியதும் ஏறுங்க ஆன்ட்டி, ஒரே வழிதானே என்றான். அவன் லாரியில் ஏறி உட்கார அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கை கொடுக்கலாமா என்று அவன் யோசித்ததையும் கொடுக்காமல் நின்றதையும் பார்த்தாள். அவள் வாசலில் வண்டி நின்றதும் இறங்காமல், பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் அதை மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தான். பிறகு மடித்து அவளிடமே கொடுத்தான்.

"எங்கம்மாவுக்கு நான்தான் போட்டிருக்கேன் ஆன்ட்டி. ரெண்டு வருஷமாச்சு. ஒருத்தன் ஒரு நோயாளிக்குத்தான் போடலாம். இது உங்களுக்குத் தெரியாததா?"

சட்டம் தெரியும். பசிட்டாவுக்கு உடம்பு சரியில்லை என்பதுதான் தெரியாது. அடுத்த மனை. நடுவில் ஒரு கம்பிவேலி. கிழவிக்கு என்ன என்று கேட்டாள். வயிற்றில் கட்டி, சாப்பாடு இறங்கவில்லை, இதை எடுத்தால் நாலு வாய் இறங்குகிறது என்றான். ஊரில் எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டாள். அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு, தெரியும் ஆன்ட்டி, உங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான் என்றான். அந்த ஒரு சொல் அவளைக் குத்திக் கிழித்துவிட்டது. ஏழாயிரம் பேர் உள்ள தீவில் ஒரு தும்மல் மறைவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், இவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

இறங்கக் கதவைத் திறந்தாள். அப்போது டோமி சொன்னான்:

"என் பொண்டாட்டி பேரை அம்மாவுக்கு மாத்திட்டா, நான் உங்களுக்குப் போடலாம். ஆனா அம்மா கையெழுத்துப் போடணும். அதை நான் போய்க் கேக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும்."

நியாயம்தான். வெர்னா யாரிடம் போய் நிற்க வேண்டுமோ அவளிடமே காரியம் கொண்டுபோய் விட்டுவிட்டது.

டோமி ஜெயிலுக்குப் போனது இருபத்திரண்டு வயதில். மலையில் நாற்பது செடி. ஹெலிகாப்டர் பார்த்துவிட்டது. ஹொனலுலு ஜெயிலில் இருந்தபோது அவன் அப்பா ஃபெர்மின் ஒரு வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். பிள்ளையை அனுப்பச் சொல்லி மனு கொடுத்தால், வெள்ளிக்கிழமை நாலரைக்குள் மாவிக்குத் தொலைநகல் போய்விட்டால், நீதிபதி விடுவார். பசிட்டா யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. வெர்னா கையில் சாவி. பின்னால் தொலைநகல் இயந்திரத்தில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பசிட்டா மனுவை இரண்டு கையாலும் நீட்டினாள். வெர்னா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை வாங்க ஆன்ட்டி என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஃபெர்மினைப் பிள்ளை இல்லாமல் புதைத்தார்கள். வெர்னா செய்ததில் சட்டப்படி எள்ளளவும் பிசகில்லை. யாரும் அவள்மேல் புகார் சொல்லவும் இல்லை. அந்தப் பச்சை விளக்கை மட்டும் அவளால் இன்றைக்கும் அணைக்க முடியவில்லை.

வீட்டில் விண்ணப்பப் படிவம் ஆறு பிரதி வைத்திருந்தாள், குமாஸ்தா புத்தி. பசிட்டாவின் பெயர், முகவரி, பழைய பராமரிப்பவர், புதிய பராமரிப்பவர் எல்லாவற்றையும் தானே எழுதினாள். விரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு வேலி ஓரமாகத் தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தாள். அந்த வீட்டுப் படியடியில் செருப்பைக் கழற்றவே பாடாய்ப்பட்டாள்.

பசிட்டா தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எண்பத்துநாலு வயது. ஆள் பாதியாகிவிட்டாள். வெர்னாவைப் பார்த்தும் கை நிற்கவில்லை. ஏன் வந்திருக்கிறாள் என்று டோமி சொல்லியிருக்க வேண்டும். வெர்னா காகிதத்தை நீட்டினாள். ஒரு கையில் தடி இருந்ததால் ஒரு கையால்தான் நீட்ட முடிந்தது. பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். கால் நடுங்கியது.

பசிட்டா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். திறந்த கதவுக்குள் சுவர்க்கடிகாரம். வெர்னாவும் திரும்பிப் பார்த்தாள். மணி நாலு முப்பத்தைந்து ஆகியிருந்தது. யாரும் திட்டமிட்டு வரவில்லை, அந்த விரல்கள் எழுதி முடிக்க அவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

"காகிதத்த அங்க மேஜையில வை," என்றாள் பசிட்டா. "திங்கட்கிழமை வா."

வெர்னா வைத்தாள். தலையை ஆட்டினாள். தடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பசிட்டா கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று ஆராயவில்லை. எப்படிச் சொன்னாலும் அதைச் சொல்ல அவளுக்குப் பாத்தியதை உண்டு.

அந்த ராத்திரி ஜாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்றாள். சனிக்கிழமைக்கு ஒன்றும் இல்லை. மாத்திரையைப் போட்டால் நாக்கு குழறும். திங்கட்கிழமை அங்கே போய் நிற்கும்போது தெளிவாகப் பேச வேண்டும் என்று போடாமல் இருந்தாள். மத்தியானத்திலிருந்து கால் இறுக ஆரம்பித்தது. கிளேட்டன் இருந்தால் பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வான், வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டே. இப்போது கட்டில் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்தாள். கிளேட்டா, கிளேட்டா என்று இரண்டு தரம் சத்தமாகவே கூப்பிட்டாள். யார் கேட்கப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கெஹாவ் கூப்பிட்டாள். டிக்கெட் எடுக்கட்டுமா அம்மா. நாளைக்குச் சொல்கிறேன். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு. ஒன்றுமில்லை. சர்ச் மணி அடித்தது, அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கிளேட்டனிடமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பசிட்டா இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தானே கழித்தாள், குழிக்குப் பக்கத்தில் பிள்ளை நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு. இருபத்துநாலு வருஷமாக வெர்னா அந்தச் சாயங்காலத்தை நினைத்திருக்கிறாள். அதற்கு அடுத்த இரண்டு நாளை ஒருநாளும் நினைத்ததில்லை. போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள். காலுக்காக அழுதாளா, பசிட்டாவுக்காகவா, எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் படியடியில் நின்றாள். கோர்ட் திறக்கும் நேரம். வீட்டிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பசிட்டா அதே இடத்தில், போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் வைத்த காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே ஒரு பப்பாளிப் பழம் கனத்துக்கு. எடுத்துக்கோ என்று மோவாயால் காட்டினாள்.

குமாஸ்தாவின் கண் முதலில் கையெழுத்துக்குப் போகாது, தேதிக்குத்தான் போகும். பசிட்டா அக்லியாம் என்று கோணல்மாணலாக எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைத் தேதி. வெர்னா இரண்டு தரம் பார்த்தாள்.

"நீ படியிறங்கறதுக்குள்ள போட்டுட்டேன்," என்றாள் பசிட்டா. "கூப்பிட்டுக் குடுத்திருக்கலாம். குடுக்கல. அந்த ரெண்டு நாளு எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுக்கிட்டேன் ஆன்ட்டி."

"தெரிஞ்சா சரி."

வெர்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாகக் கோத்து வைத்திருந்த சொற்கள் இருந்தன. "ஆன்ட்டி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். பசிட்டா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"மன்னிப்பு மட்டும் கேக்காத. நீ கேட்டா நான் பதில் சொல்லணும். எங்கிட்ட பதில் இல்ல. டோமி வந்து செடி வைப்பான், தண்ணி ஊத்துவான். கிளேட்டனுக்காகச் செய்வான். அது போதும் உனக்கு."

போதும் என்றாள் வெர்னா. போதாது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அதற்கு மேல் கேட்க அவளிடம் என்ன இருக்கிறது? காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். படியிறங்கிச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பசிட்டாவின் குரல் வந்தது. பப்பாளியை ஏன் விட்டுட்டுப் போற, அது காகிதத்துக்கு வச்சதில்ல.

அன்று மத்தியானமே டோமி வந்தான், ஒரு பழைய தொட்டியும் மண்வெட்டியுமாக. என்கிட்ட இடுப்பளவு வளந்த செடி இருக்கு ஆன்ட்டி, அதையே தூக்கிட்டு வந்து வச்சிடவா என்றான். அதில் யாருடைய வில்லை தொங்குகிறது என்று கேட்டாள் வெர்னா. அவன் வாய்விட்டுச் சிரித்தான். கிளேட்டன் சொல்வாரு, நீங்க இப்படித்தான்னு என்று சொல்லிக்கொண்டே வேலியில் மான் முட்டின ஓட்டையை அடைக்கப் போனான். புது அட்டை வரவேண்டும், அதன் பிறகு விதை போட்டு, முளைத்து, பூத்து, காய்ந்து, வெண்ணெயாக நாலைந்து மாதம். அதுவரை மாத்திரைதான், குழறல்தான். ஆனால் நாலைந்து மாதம் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கணும் ஆன்ட்டி என்று போய்விட்டான். அவன் லாரிச் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பப்பாளியைக் கழுவி, இரண்டாக வெட்டினாள். பழக்கதோஷம், இரண்டு தட்டை எடுத்துவிட்டாள். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, கெஹாவைக் கூப்பிட்டாள்.

டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றாள். யாரும்மா கையெழுத்துப் போட்டது என்று மகள் கேட்டாள். டோமி போடுகிறான், அவன் அம்மா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றாள். இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை கெஹாவுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்து கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள்.

"அவங்களா? அவங்களா போட்டாங்க?"

"வெள்ளிக்கிழமையே போட்டுட்டாங்கடி," என்றாள் வெர்னா. பப்பாளித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.